குண்ட்ராடா யாருடைய மகள்?

குண்ட்ராடா 1085 மே 27 அன்று இறந்தார். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் கேஸில் ஏக்கர் என்ற ஊரில், பிரசவத்தில் இறந்தார் என்று அவரும் கணவரும் சேர்ந்து நிறுவிய லூயிஸ் மடத்தின் ஏடுகள் சொல்கின்றன. கணவர் வில்லியம் டி வாரென், 1066இல் நார்மண்டியிலிருந்து வந்து ஹேஸ்டிங்ஸ் போரில் இங்கிலாந்தை வென்று அரசரான வெற்றிவீரர் வில்லியத்துடன் நின்றவர்களில் பெயர் உறுதியாகத் தெரிந்த சிலரில் ஒருவர். பிள்ளைகளில் வில்லியம், ரெய்னால்ட், ஈடித் ஆகிய மூவரின் பெயர்கள் தெரியும். கல்லறைக் கல் இருக்கிறது. எலும்புகள் வைத்த பெட்டிகூடக் கிடைத்துவிட்டது. பதினோராம் நூற்றாண்டுப் பெண் ஒருவரைப் பற்றி இவ்வளவு தெரிவதே பெரிது. ஆனால் அவர் யார் பெற்ற பிள்ளை என்ற ஒரே கேள்விக்கு ஆவணங்கள் ஆளுக்கொரு பதில் சொல்கின்றன.

பதில்கள் மூன்று. அரசர் வில்லியத்துக்கும் அரசி மடில்டாவுக்கும் பிறந்த இளவரசி என்பது ஒன்று. மடில்டாவுக்கு முன்பே வேறொரு திருமணம் நடந்திருந்தது, அதில் பிறந்தவர் என்பது இன்னொன்று. அரச குடும்பத்துக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை, ஃப்ளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியப் பகுதி) நாட்டுப் பிரபு கெர்போடின் உடன்பிறந்தவர் என்பது மூன்றாவது. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: மூன்றாவதுதான் சரி. இன்றைய வரலாற்றாய்வாளர்களின் பொதுவான கருத்தும் அதுதான். ஆனாலும் முதல் பதில் குடும்ப மரப் பட்டியல்களில் இன்றும் உலவிக்கொண்டிருக்கிறது. அது எங்கிருந்து முளைத்தது, ஏன் நிற்காது என்பதைச் சான்று சான்றாகப் பார்க்கலாம்.

இளவரசி என்று சொல்லும் ஆவணங்கள்

லூயிஸ் மடம் 1077 வாக்கில் எழுந்தது. பிரான்சின் புகழ்பெற்ற க்ளூனி மடத்துக்கு இங்கிலாந்தில் அமைந்த முதல் கிளை இதுதான். அந்த மடத்தின் பத்திரங்களை எல்லாம் 1444இல் ஒரு பெரிய ஏட்டில் படியெடுத்து வைத்தார்கள். அதில் வில்லியம் டி வாரெனின் வாய்மொழியாகவே ஒரு நீண்ட நிறுவனப் பத்திரம் வருகிறது. மடத்துக்குக் கொடுத்த தானம் யார் யாருடைய ஆன்ம நலனுக்காக என்று அடுக்கும் இடத்தில், அரசி மடில்டாவின் பெயரை ஒட்டி "என் மனைவியின் தாய்" என்ற சொற்கள் நிற்கின்றன.

இரண்டாவது, அரசர் வில்லியம் நார்ஃபோக்கில் வால்டன் என்ற பண்ணையை மடத்துக்குக் கொடுத்ததாகச் சொல்லும் சாசனம். அதில் குண்ட்ராடாவின் பெயரோடு "என் மகள்" என்று இருக்கிறது. கணவரே சொல்லிவிட்டார், அரசரும் சொல்லிவிட்டார், அப்புறம் என்ன கேள்வி என்று தோன்றும். பல தலைமுறை அறிஞர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

சிக்கல் என்னவென்றால், இரண்டும் ஒரே வீட்டுச் சரக்கு. இரண்டும் லூயிஸ் மடத்தின் கையிலிருந்து வந்தவை. இரண்டிலும் மடத்துக்கு லாபம் இருந்தது. வால்டன் சாசனத்தில் "என் மகள்" என்பது பின்னால் நுழைக்கப்பட்ட சொல் என்பதே அதை நெருங்கிப் பார்த்தவர்களின் முடிவு. நீண்ட நிறுவனப் பத்திரமோ, ஒரு படைத்தலைவர் கொடுத்த தானப் பத்திரம் போலவே இல்லை. அது பயணக் கதை சொல்கிறது, காரணம் சொல்கிறது, மடத்தலைவரை யார் எப்படி நியமிக்க வேண்டும் என்று விரிவாக விதி வகுக்கிறது. பின்னால் வழக்கு வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தவர் எழுதியது போன்ற பத்திரம் அது. உண்மையிலேயே அப்படி ஒரு வழக்கு வந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் வாரென் குடும்பத்துக்கு மருமகனாக வந்து பிரபுவான ஹேமலினுக்கும் க்ளூனி மடத்துக்கும், லூயிஸ் மடத்தலைவரை நியமிக்கும் உரிமை யாருக்கு என்பதில் தகராறு முற்றி, 1201இல்தான் தீர்ந்தது. இந்தப் பத்திரம் இன்றைய வடிவத்தை அந்தத் தகராறை ஒட்டித்தான் பெற்றிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இதற்கு நேர் எதிரே இன்னொரு பத்திரம் இருக்கிறது. க்ளூனியின் ஆவணங்களோடு இருந்து இப்போது பாரீஸில் பாதுகாக்கப்படும் மூலப் பத்திரம் அது. மிகச் சுருக்கமானது. வில்லியம் டி வாரெனும் மனைவி குண்ட்ராடாவும் தங்கள் ஆன்மாக்களின் மீட்புக்காக, தங்கள் தலைவரான அரசரின் ஒப்புதலோடு, புனித பங்க்ரஸ் தேவாலயத்தை க்ளூனிக்குக் கொடுக்கிறார்கள். அவ்வளவுதான். அரசரை 'எங்கள் தலைவர்' என்கிறார்கள். மாமனார் என்றோ தந்தை என்றோ ஒரு சொல் இல்லை. அரசரின் மகளும் மருமகனும் தானம் கொடுத்து, அரசரே அதற்கு ஒப்புதல் தரும் பத்திரத்தில் அந்த உறவை எழுதாமல் விடுவார்களா?

போகிற போக்கில் சொன்னவர்கள்

மடத்துக்கு வெளியே வந்தால் காட்சி முழுவதுமாக மாறுகிறது. ஆர்டெரிக் விட்டாலிஸ் 1075இல் இங்கிலாந்தில் பிறந்து, பத்து வயதில் நார்மண்டியின் செயின்ட் எவ்ரூல் மடத்தில் சேர்க்கப்பட்டு, பன்னிரண்டாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பெரிய வரலாறு ஒன்றை எழுதியவர். அரசர் யார் யாருக்கு என்னென்ன நிலம் கொடுத்தார் என்று பட்டியலிடும்போது, 'கெர்போடின் சகோதரி குண்ட்ராடாவை மணந்த வில்லியம் டி வாரெனுக்கு சர்ரேயைக் கொடுத்தார்' என்கிறார். அடையாளத்துக்காகப் போகிற போக்கில் போட்ட ஒரு அடைமொழி. அரசருக்கும் அரசிக்கும் பிறந்த பிள்ளைகளை அவர் தனியாகப் பட்டியலிடும் இடத்தில் குண்ட்ராடா இல்லை.

அந்த வாக்கியத்திலேயே ஆர்டெரிக் ஒரு தவறு செய்திருக்கிறார். சர்ரே பிரபு பட்டத்தைக் கொடுத்தவர் வெற்றிவீரர் வில்லியம் அல்ல, அவர் மகன் வில்லியம் ரூஃபஸ். அது நடந்தது 1088இல், குண்ட்ராடா இறந்து மூன்று ஆண்டுக்குப் பிறகு. ஒரு வாக்கியத்தில் பாதி தவறு என்றால் மீதியை ஏன் நம்ப வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பட்டத்தை எந்த அரசர் கொடுத்தார் என்பது, தந்தை மகன் இருவருக்கும் ஒரே பெயர் இருக்கும்போது, எளிதில் தடுமாறக்கூடிய செய்தி. அரசரின் மகளை யாரோ ஒரு ஃப்ளெமிஷ் பிரபுவின் சகோதரி என்று எழுதுவது அந்த ரகத் தடுமாற்றம் அல்ல. அது நார்மண்டியில் யாருக்கும் தெரியாமல் போகக்கூடிய செய்தியும் அல்ல.

ஆர்டெரிக்கைத் தனியாக நம்ப வேண்டிய அவசியமும் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய இன்னொரு வரலாறு இருக்கிறது. வெகுகாலம் ஹைட் மடத்து வரலாறு என்று அழைக்கப்பட்டது. வாரென் குடும்பத்தின் மேல் அதற்கு இருக்கும் தனிக் கவனத்தைப் பார்த்து, இப்போது வாரென் வரலாறு என்றே அதைச் சொல்கிறார்கள். செஸ்டர் பிரபுவாக இருந்த கெர்போட், 'கோமாட்டி குண்ட்ராடாவின் சகோதரன்', ஃப்ளாண்டர்ஸுக்குத் திரும்பியபோது எதிரிகளிடம் சிக்கி மாண்டான் என்று அதில் வருகிறது.

கெர்போடுக்கு என்ன ஆயிற்று என்பதில் எழுத்தாளர்கள் ஒத்துப்போகவே இல்லை. ஆர்டெரிக் சிறைப்பட்டான் என்கிறார். வாரென் வரலாறு செத்தான் என்கிறது. 1071இல் காஸெல் போரில் தன் தலைவனான இளம் கோமான் ஆர்னுல்ஃபையே கொன்றுவிட்டு, பாவமன்னிப்பு தேடி போப்பிடம் போய், கடைசியில் க்ளூனியில் துறவியான ஒரு கெர்போடைப் பற்றி செயின்ட் ஹியூபர்ட் மடத்து வரலாறு சொல்கிறது. அவனும் இவனும் ஒருவரே என்று கருதுவோர் உண்டு. அது உண்மையானால், குண்ட்ராடாவும் கணவரும் இங்கிலாந்தில் யாருக்கும் பழக்கமில்லாத க்ளூனியைத் தேடிப் போனதற்கு மிக இயல்பான காரணம் கிடைக்கிறது. உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் எனக்குப் பிடித்த ஊகம்.

இந்த முரண்பாடு நம் வழக்கைப் பலவீனப்படுத்தவில்லை, பலப்படுத்துகிறது. ஆர்டெரிக்கும் வாரென் வரலாற்றாசிரியரும் கெர்போடின் முடிவை வெவ்வேறாகச் சொல்வதால், ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதவில்லை என்று ஆகிறது. அப்படித் தனித்தனியாக எழுதிய இருவரும் குண்ட்ராடா அவன் சகோதரி என்பதில் மட்டும் ஒன்றுபடுகிறார்கள். அதோடு வாரென் வரலாறு அந்தக் குடும்பத்துக்கு நெருக்கமான ஒருவரின் கை. குடும்பத்தில் அரசியின் இரத்தம் ஓடியிருந்தால், அந்தப் பெருமையை முதலில் எழுதியிருக்க வேண்டிய ஆள் அவர்தான்.

ஃப்ரெடெரிக் என்று ஒருவனும் இருக்கிறான். கிளர்ச்சித் தலைவன் ஹியர்வர்ட் கையால் 1070 வாக்கில் இறந்தவன். அவனை வாரெனின் சகோதரன் என்று எழுதியிருக்கிறார்கள். அவன் வைத்திருந்த நார்ஃபோக் நிலங்கள் 1086இல் அரசர் எடுத்த டூம்ஸ்டே நிலக் கணக்கெடுப்பின்போது வாரெனிடம் இருக்கின்றன. ஃப்ரெடெரிக் என்பது நார்மன் குடும்பங்களில் வழங்கிய பெயர் அல்ல, ஃப்ளாண்டர்ஸ் பக்கத்துப் பெயர். ஆகவே அவன் வாரெனின் கூடப்பிறந்தவன் அல்ல, மைத்துனன் என்றுதான் இப்போது கொள்கிறார்கள். கெர்போட், ஃப்ரெடெரிக், குண்ட்ராடா என்று ஒரு ஃப்ளெமிஷ் வீடு இப்படித்தான் மெல்ல உருப்பெறுகிறது.

நடுவே வந்த சமாதானம்

1846இல் ஸ்டேபிள்டன் என்ற ஆய்வாளர் இரண்டு பக்கத்தையும் ஒத்துப்போக வைக்க ஒரு வழி சொன்னார். மடில்டா முதலில் செயின்ட் பெர்டின் மடத்தின் காப்பாளரான மூத்த கெர்போடை மணந்திருந்தார், அந்த மணத்தில் பிறந்தவர்கள்தான் இளைய கெர்போடும் ஃப்ரெடெரிக்கும் குண்ட்ராடாவும் என்றார். இப்படிச் சொன்னால் பத்திரத்தின் "மனைவியின் தாய்" உண்மையாகிறது, ஆர்டெரிக்கின் "கெர்போடின் சகோதரி"யும் உண்மையாகிறது. 1049இல் ரைம்ஸ் நகரில் கூடிய சபையில் போப் ஒன்பதாம் லியோ, மடில்டாவை வில்லியத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று தடுத்தது எதற்காக என்பதற்கும் விடை கிடைத்துவிடுகிறது. எல்லாச் சாவிகளையும் ஒரே பூட்டில் போட்டதுபோல அழகாகப் பொருந்தியது. ஃப்ரீமன் போன்ற பெரிய வரலாற்றாசிரியரே இதை ஏற்றுக்கொண்டார்.

ஆனால் மடில்டாவுக்கு முந்தைய கணவர் இருந்தார் என்று அந்தக் காலத்தவர் ஒருவரும் எழுதவில்லை. வில்லியத்தைப் பிடிக்காதவர்கள் அன்று கொஞ்ச நஞ்சமா? அரசி ஏற்கெனவே ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டவர், மூன்று பிள்ளை பெற்றவர் என்றால் அவர்கள் சும்மா விட்டிருப்பார்களா? இந்த முதல் திருமணம், இரண்டு பத்திரங்களைக் காப்பாற்றுவதற்காகவே கட்டிய வீடு. பத்திரங்களே போலி என்றான பிறகு அதற்குத் தேவை இல்லை.

ஆன்செல்மின் கணக்கு

வழக்கைத் தீர்த்தது ஒரு கடிதம். குண்ட்ராடாவைப் பற்றிய கடிதமே அல்ல அது. அவர் பெயர்கூட அதில் கிடையாது.

முதலாம் ஹென்றி, வெற்றிவீரர் வில்லியத்துக்கும் மடில்டாவுக்கும் பிறந்த மகன். அவருக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்த மகள்கள் பலர். அவர்களில் ஒருத்தியை இரண்டாம் வில்லியம் டி வாரெனுக்கு, அதாவது குண்ட்ராடாவின் மகனுக்கு, மணம் செய்து தருவதாகப் பேச்சு. அரசர் கேன்டர்பரி பேராயர் ஆன்செல்மிடம் யோசனை கேட்டார். ஆன்செல்ம் கூடாது என்று பதில் எழுதினார். காரணம், மணமகனும் மணமகளும் ஒரு பக்கம் நான்காம் தலைமுறையிலும் மறுபக்கம் ஆறாம் தலைமுறையிலும் உறவினர்கள்.

இதைப் புரிந்துகொள்ள அன்றைய திருச்சபையின் உறவுக் கணக்கு தெரிய வேண்டும். பொது மூதாதையிலிருந்து எத்தனை படி இறங்கினால் மணமகனும் மணமகளும் வருகிறார்கள் என்று எண்ணுவார்கள். ஏழு படிக்குள் வந்தால் திருமணம் கூடாது.

இப்போது குண்ட்ராடா மடில்டாவின் மகள் என்று வைத்துக்கொள்வோம். மடில்டாவிலிருந்து ஒரு படி இறங்கினால் குண்ட்ராடா, இன்னொரு படியில் மணமகன். அந்தப் பக்கம் மடில்டாவிலிருந்து ஒரு படியில் ஹென்றி, இன்னொரு படியில் மணமகள். இரண்டே படி. ஹென்றி குண்ட்ராடாவின் உடன்பிறந்தவர் ஆகிறார். மணமகள் மணமகனுக்குத் தாய்மாமன் மகள். நம் ஊரில் அது முறைப்பெண்; பந்தல் போட்டுவிடலாம். அன்றைய ஐரோப்பாவிலோ அது திருச்சபை கேட்டதும் அலறக்கூடிய உறவு. மடில்டாவின் முதல் கணவருக்குப் பிறந்தவர் என்று வைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனென்றால் பொது மூதாதை மடில்டாதான்.

இரண்டாம் படியில் இவ்வளவு நெருங்கிய உறவு கண்ணெதிரே இருக்கும்போது, அதை விட்டுவிட்டு நான்காம் படியையும் ஆறாம் படியையும் தேடி எடுத்து யாராவது தடை சொல்வார்களா? அதுவும் ஆன்செல்ம், தன் காலத்தின் மிகக் கூர்மையான தர்க்க அறிஞர்? கேட்டவரோ மணமகளின் தந்தை. குண்ட்ராடா தன் கூடப்பிறந்தவரா இல்லையா என்பது அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. அந்தக் கடிதம் எழுதப்பட்ட நாளில், அரசருக்கும் பேராயருக்கும் குண்ட்ராடா மடில்டாவின் மகளாக இல்லை. இந்த ஒரு சான்றில் முதல் இரண்டு பதில்களும் சேர்ந்தே விழுகின்றன.

1888இல் ஃப்ரீமன் மறுபடி இந்தக் கேள்விக்கு ஒரு முழுக் கட்டுரை எழுதி, குண்ட்ராடா அரசரின் மகளோ அரசியின் மகளோ என்று காட்ட எதுவும் இல்லை என்று முடித்தார். தான் முன்பு ஏற்றதை வெளிப்படையாகக் கைவிட்டார். பெரிய பெயரும் பெரிய நூலும் கையில் இருக்கும் ஒருவர் அப்படிச் செய்வது அரிது. அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

கல்லும் பெட்டியும்

கல்லறைக் கல்லின் கதை தனி. 1140களில் லூயிஸ் மடத்தில் பெரிய தேவாலயம் எழுந்தபோது நிறுவனர்களின் எலும்புகளைப் புதிய இடத்துக்கு மாற்றினார்கள். அப்போது குண்ட்ராடாவுக்காக டூர்னேயிலிருந்து வந்த கறுப்புக் கல்லில் இலைக்கொடி வேலைப்பாட்டோடு பலகை ஒன்று செதுக்கினார்கள். அதன் ஓரம் நெடுகவும் நடுவிலும் லத்தீன் கவிதை. தலைவர்களின் குலக்கொடி என்று அவரைப் புகழ்கிறது. பைபிளில் வரும் சகோதரிகளில் மார்த்தா பணிவிடை செய்பவள், மரியாள் பக்தியில் ஆழ்பவள்; ஏழைகளுக்கு அவர் மார்த்தாவாக இருந்தார், பக்தியில் மரியாளாக இருந்தார், மார்த்தாவின் பாகம் மறைந்தது, மரியாளின் பெரும்பாகம் நிற்கிறது என்கிறது. மே 27இன் விடியல் உடலாகிய நறுமணக் குப்பியை உடைத்தது என்று இறந்த நாளைச் சொல்கிறது. புகழ்வதற்கென்றே எழுதிய கவிதை, அதுவும் அதே மடத்தில். அதில் அரசர் இல்லை, அரசி இல்லை. அப்படியானால் அவர் இறந்து அறுபது ஆண்டு ஆன பிறகும் மடத்துக்கே அந்த உறவு தெரியவில்லை. கதை அதற்குப் பிறகுதான் பிறந்திருக்கிறது.

எட்டாம் ஹென்றியின் காலத்தில், 1538இல், தாமஸ் கிராம்வெல் அனுப்பிய ஆட்கள் மடத்தை இடித்துத் தள்ளினார்கள். கல் எப்படியோ ஐஸ்ஃபீல்ட் தேவாலயத்துக்குப் போய், ஷர்லி குடும்பத்தார் ஒருவரின் கல்லறைக்கு மூடியானது. 1774இல் அதை அங்கே அடையாளம் கண்டு, லூயிஸ் நகரின் சவுத்ஓவர் பகுதித் தேவாலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு 1845 அக்டோபரில், லூயிஸ் வழியாக ரயில் பாதைக்கு மண் வெட்டிய தொழிலாளர்கள் மடத்தின் இடிபாட்டுக்குள் இரண்டு ஈயப் பெட்டிகளைக் கண்டார்கள். ஒவ்வொன்றும் சுமார் 3 அடி நீளம், மேலே வலைப்பின்னல் போன்ற வார்ப்பு. ஒரு மூடியில் குண்ட்ராடா, மற்றதில் வில்லியம் என்று பெயர். எலும்புகளை மட்டும் அடுக்கி வைத்ததால்தான் பெட்டி அவ்வளவு சிறியது. அவற்றுக்காக 1847இல் சவுத்ஓவர் தேவாலயத்தில் ஒரு சேப்பல், அதாவது சிறு வழிபாட்டுக்கூடம், கட்டினார்கள்.

ஸ்டேபிள்டனின் கட்டுரை அடுத்த ஆண்டே வந்தது தற்செயல் அல்ல. பெட்டி திறந்ததும் நாடே அவரைப் பற்றிப் பேசியது. பேசியதெல்லாம் தகப்பன் யார் என்பதைத்தான். எனக்கு இதில் வருத்தம் உண்டு. அரசரின் மகளாக இருந்தால் முக்கியமானவர், இல்லாவிட்டால் அடிக்குறிப்பு என்பதுபோல் அவரை நடத்தினார்கள். உயிரோடு இருக்கும்போது அவர் கோமாட்டிகூட ஆகவில்லை, அந்தப் பட்டமே பின்னால் ஒட்டியது. ஆனால் இங்கிலாந்தின் முதல் க்ளூனி மடத்தைக் கொடுத்த பத்திரத்தில் கணவரோடு சேர்ந்து அவர் பெயரும் கொடுப்பவராக நிற்கிறது. அதை யாரும் இடையில் செருகவில்லை.

பயணக் கதையை என்ன செய்வது?

மிச்சமிருக்கும் சங்கடம் இது. குண்ட்ராடாவை நடமாடும் மனுஷியாகக் காட்டும் ஒரே கதை அந்தப் போலிப் பத்திரத்தில்தான் இருக்கிறது. கணவனும் மனைவியும் ரோமுக்கு யாத்திரை கிளம்புகிறார்கள். வழியில் மடம் மடமாகத் தங்கிப் பிரார்த்திக்கிறார்கள். பர்கண்டி வந்ததும், போப்புக்கும் பேரரசருக்கும் சண்டை நடப்பதால் மேலே போவது ஆபத்து என்று தெரிகிறது. க்ளூனிக்குத் திரும்புகிறார்கள். அங்கே துறவிகளின் வாழ்க்கையும் தங்களுக்குக் கிடைத்த அன்பும் மனதைத் தொடுகின்றன. மடத்தலைவர் ஹியூவிடம் நான்கு துறவிகளைக் கேட்கிறார்கள். லான்ஸோவும் இன்னும் மூவரும் வருகிறார்கள்.

பத்திரத்தோடு இதையும் தூக்கி எறிய வேண்டுமா? நான் எறிய மாட்டேன். போப் ஏழாம் கிரிகோரிக்கும் ஜெர்மனியை ஆண்ட நான்காம் ஹென்றிக்கும் மோதல் வெடித்தது 1076இல், கனோஸாவில் ஹென்றி போப்பிடம் மன்னிப்புக் கேட்டு நின்றது 1077 ஜனவரியில். மடம் எழுந்த காலத்தோடு இது கச்சிதமாகச் சேர்கிறது. லான்ஸோ உண்மையிலேயே லூயிஸின் முதல் தலைவர். மால்ம்ஸ்பரி வில்லியம் என்ற வரலாற்றாசிரியர் அவரை மனமாரப் புகழ்ந்திருக்கிறார். பத்திரம் புனைபவர்கள் எல்லாவற்றையும் புனைவதில்லை. மடத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதையை எடுத்துக்கொண்டு, தங்களுக்கு வேண்டிய வரிகளை அதற்குள் வைப்பார்கள். அப்போதுதான் படிப்பவர் நம்புவார். நியமன விதிகளில் மடத்துக்கு லாபம் இருந்தது, அரச இரத்தத்திலும் லாபம் இருந்தது. வழி மறிக்கப்பட்டு பர்கண்டியில் திரும்பிய ஒரு தம்பதியின் கதையில் யாருக்கும் எந்த லாபமும் இல்லை. அதனால் அந்தப் பயணத்தை நம்புகிறேன். மடில்டாவின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த உறவை நம்பவில்லை.